பீட்டர் ஸ்கைலர்: ஆல்பனியின் முதல் மேயரான தோல் வியாபாரியை மோஹாக் மக்கள் ஏன் நம்பினார்கள்?

ஹட்சன்கரை:
வணக்கம் நண்பர்களே. அமெரிக்கக் குடியேற்றக் கால வரலாறு என்றதும் எல்லோரும் பாஸ்டன் தேயிலை, வாஷிங்டன், ஜெஃபர்சன் என்று 1770களுக்கு ஓடிவிடுகிறோம். அதற்கு நூறு வருஷம் முந்தி, நியூயார்க் மாகாணத்தின் வடக்கு ஓரத்தில் மரவேலி கட்டிய ஆல்பனி என்ற சின்ன ஊரில் இருந்துகொண்டு இங்கிலாந்து, பிரெஞ்சுக் கனடா, இரோக்வாய் கூட்டமைப்பு என்று மூன்று தரப்போடும் கணக்கு வைத்திருந்த ஒரு வியாபாரியைப் பற்றிப் பேசத்தான் இந்த இழை. பெயர் பீட்டர் ஸ்கைலர்.

பிறந்தது 1657ல். அப்போது ஊர் பெயர் பெவர்வைக், ஆட்சி டச்சுக்காரர்களுடையது. அப்பா பிலிப், தோல் வியாபாரத்தில் காசு பார்த்து நிலமாக வாங்கிப் போட்டவர். அம்மா மார்கரெட்டா, ரென்சலர் பெரும்பண்ணையின் நிர்வாகியாக இருந்தவரின் மகள். 1664ல் ஆங்கிலேயர் வந்து ஊரைப் பிடித்து ஆல்பனி என்று பெயர் வைத்தார்கள், 1673ல் டச்சுக்காரர்கள் திரும்பப் பிடித்து வில்லெம்ஸ்டாட் என்றார்கள், அடுத்த வருஷமே மறுபடி ஆல்பனி. கொடி எதுவானாலும் பீவர் என்ற நீர்வாழ் விலங்கின் தோல் மட்டும் வந்துகொண்டேதான் இருந்தது, அந்த வீட்டுப் பிள்ளை கற்ற முதல் பாடம் அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

1686 ஜூலையில் ஸ்கைலரும், அவர் அக்கா அலிடாவின் கணவர் ராபர்ட் லிவிங்ஸ்டனும் நியூயார்க் போய் ஆளுநர் தாமஸ் டாங்கனிடமிருந்து ஆல்பனிக்கு நகரப் பட்டயம் வாங்கி வந்தார்கள். ஸ்கைலர் முதல் மேயர், லிவிங்ஸ்டன் நகர எழுத்தர். பட்டயத்தின் உயிர்நாடி ஒரே ஒரு உரிமைதான்: பூர்வகுடிகளோடு தோல் வியாபாரம் செய்வது ஆல்பனி நகரத்தாருக்கு மட்டுமே. 1694 வரை அவர்தான் மேயர்.

என் வாதத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஸ்கைலரை வெறும் சுரண்டல்காரர் என்று ஒதுக்கிவிடுவதும் தப்பு, 'செவ்விந்தியர்களின் நண்பன்' என்று பழைய ஆங்கில நூல்கள் தூக்கி வைத்ததும் தப்பு. இரோக்வாய் கூட்டமைப்பின் ஐந்து இனங்களில் ஒன்றான மோஹாக் மக்கள் அவரைக் 'குவைடர்' என்று அழைத்தார்கள், போருக்கும் பேச்சுக்கும் அவரையே தேடினார்கள். அவர்களும் கணக்குத் தெரிந்தவர்கள், விவரம் புரியாமல் நம்பியவர்கள் இல்லை. உங்கள் கருத்துகளைச் சொல்லுங்கள்.

மீனலோசனி:
நல்ல தலைப்பு அண்ணா. ஒரு அடிப்படைச் சந்தேகம். பீவர் தோலுக்கு அப்படி என்ன மதிப்பு? குளிருக்குப் போர்த்திக்கொள்ளவா இத்தனை சண்டை?

கோவைக்காரன்:
போர்த்திக்கொள்ள இல்லைங்க, தொப்பிக்கு! ஐரோப்பாவில் அப்போது மரியாதைப்பட்ட ஆள் என்றால் தலையில் ஃபெல்ட் தொப்பி இருக்க வேண்டும். ஃபெல்ட்டுக்கு பீவரின் உள்மயிர் மாதிரி வேறு எதுவும் சரிவராது, அந்த மயிரில் கண்ணுக்குத் தெரியாத கொக்கி போல முட்கள் இருப்பதால் நனைத்து அழுத்தினால் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு விறைப்பாக நிற்கும், மழையிலும் தொய்யாது. ஐரோப்பிய பீவர்களை ஏற்கெனவே வேட்டையாடித் தீர்த்துவிட்டார்கள்.

இன்னொரு விஷயம். தொப்பிக்காரர்கள் அதிகம் கொடுத்தது புதுத் தோலுக்கு இல்லை, பூர்வகுடிகள் ஒன்றிரண்டு குளிர்காலம் உடுத்தி விட்ட பழைய தோலுக்கு! மயிர்ப்பக்கம் உள்ளே இருக்கும்படி உடுத்துவார்கள், உடம்பில் உரசி உரசி மேலே உள்ள நீளமான முரட்டு மயிர் உதிர்ந்து, வியர்வையும் எண்ணெய்ப் பசையும் ஏறி, அடியில் இருக்கும் மெல்லிய மயிர் மட்டும் தயாராக இருக்கும். தொப்பி செய்பவருக்குப் பாதி வேலை மிச்சம்.

1657ல், அதாவது ஸ்கைலர் பிறந்த வருஷம், அந்த ஊர்ப்பக்கத்திலிருந்து கீழே அனுப்பிய தோல் 40,000ஐ ஒட்டி இருந்தது. ஊரில் பீவர் தோல்தான் பணம். கடன், வாடகை, அபராதம் எல்லாம் தோல் கணக்கில் எழுதியிருப்பார்கள். அதே 1686ல் டாங்கன் நியூயார்க் நகரத்துக்கும் ஒரு பட்டயம் கொடுத்தார், அந்த நகர முத்திரையில் இன்றைக்கும் மாவுப் பீப்பாயோடு பீவர் இருக்கிறது பாருங்கள்.

பழையதாள்:
ஹட்சன்கரை ஐயா, உங்கள் மேல் மரியாதை உண்டு, ஆனால் 'அவர்களும் கணக்குத் தெரிந்தவர்கள்' என்று ஒரு வரியில் கடந்து போவதை ஏற்க முடியவில்லை. அந்தத் தனியுரிமை நடைமுறையில் என்ன செய்தது? வாங்குபவன் ஒரே ஊர்க்காரன் என்றால் விலையை வைப்பவனும் அவன்தானே. வசந்தகாலம் பிறந்ததும் தோல் மூட்டையோடு காட்டுப் பாதையில் வருகிறவர்களை ஊருக்கு வெளியிலேயே மடக்க வியாபாரிகளும் அவர்களின் தரகர்களும் நிற்பார்கள். ஆளைப் பிடித்து இழுத்து, 'எங்கள் எஜமான் வீட்டுக்கு வா' என்று அடித்து உதைத்து மூட்டையைத் தள்ளிக்கொண்டு போவார்கள். இது நான் கட்டிச் சொல்வதில்லை. 1660லேயே மோஹாக் தலைவர்கள் ஊர் நீதிமன்றத்தில் வந்து முறையிட்டிருக்கிறார்கள். ரம் ஊற்றிக் கொடுத்துப் பேரம் பேசுவது தனிக்கதை. ஸ்கைலர் குடும்பம் இந்த ஊரின் முதல் வரிசையில் இருந்த குடும்பம்.

ஹட்சன்கரை:
பழையதாள், 1660 முறையீடு முழு உண்மை. அதையே நான் வேறு விதமாகப் படிக்கிறேன். காட்டில் மடக்குவதைத் தடுக்க வேண்டும் என்று மோஹாக் தரப்பே கேட்டது. பட்டயம் வந்தபிறகு வியாபாரம் மரவேலிக்குள் நடக்க வேண்டும், வருகிறவர்கள் தங்க வெளியே தனிக் கொட்டகைகள், காட்டுக்குள் போய் இழுப்பவனுக்கு அபராதம் என்று விதிகள் வலுத்தன. மீறினார்கள், நிறையவே மீறினார்கள், நகர நீதிமன்றப் பதிவுகளில் அந்த வழக்குகள் வரிசையாகக் கிடக்கின்றன. வழக்கு கிடக்கிறது என்பதே யாரோ கவனித்தார்கள் என்பதற்கும் சாட்சி. அதில் நகரத்தாரின் சுயநலமும் இருந்தது என்பதை மறுக்கவில்லை.

ஆனால் நம்பிக்கை வந்தது கடை வாசலில் இல்லை, போரில். 1689ல் நியூயார்க்கில் ஜேக்கப் லைஸ்லர் ஆட்சியைக் கையில் எடுத்தார். ஆல்பனி அவரை ஏற்க மறுத்தது. நவம்பரில் அவர் ஆள் மில்போர்ன் படையோடு வந்து கோட்டையைக் கேட்டார், உள்ளே ஸ்கைலர். பக்கத்துக் குன்றில் நின்றிருந்த மோஹாக் கூட்டம், கோட்டையை நெருங்கினால் சுடுவோம் என்று சொல்லி அனுப்பியது. மில்போர்ன் திரும்பிப் போய்விட்டார். ஒரு டச்சு மேயருக்காக அவர்கள் துப்பாக்கியைத் தூக்கி நின்றார்கள் என்பது சாதாரண விஷயமா?

அதே குளிர்காலத்தில்தான் ஆல்பனிக்கு மேற்கே இருந்த சின்ன ஊர் ஸ்கெனெக்டடி தாக்கப்பட்டது. 1690 பிப்ரவரி 8, பிரெஞ்சுக்காரர்களும் அவர்களோடு வந்த பூர்வகுடிகளும் நள்ளிரவில் புகுந்து 60 பேரைக் கொன்றார்கள், 27 பேரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். சைமன் ஷெர்மர்ஹார்ன் காலில் குண்டுக் காயத்தோடு பனியில் குதிரை ஓட்டி ஆல்பனிக்குச் சேதி கொண்டுவந்தார். 1691 ஆகஸ்டில் ஸ்கைலரே படை நடத்தி மான்ட்ரியலுக்கு எதிர்க்கரையில் லா ப்ரேரியைத் தாக்கினார், திரும்பும் வழியில் பிரெஞ்சுப் படை மடக்கிவிட, வெட்டிக்கொண்டுதான் வெளியேற முடிந்தது. 1693 பிப்ரவரியில் பிரெஞ்சுக்காரர்கள் மூன்று மோஹாக் ஊர்களை எரித்து சுமார் 300 பேரைக் கைதிகளாக இழுத்துப் போனபோது, பனியில், கையில் உணவில்லாமல் பின்தொடர்ந்து போனவர் இவர்தான். கைதிகளில் பெரும்பாலோர் மீண்டார்கள். கணக்குப் பார்க்கிற வியாபாரி அந்தக் குளிரில் பசியோடு போயிருக்க வேண்டியதில்லை.

மீனலோசனி:
மோஹாக் மொழி அவருக்குத் தெரியுமா? இல்லை மொழிபெயர்ப்பாளர் வைத்துக்கொண்டாரா?

ஹட்சன்கரை:
பேச்சு புரிந்துகொள்கிற அளவுக்கு ஆல்பனி வியாபாரிகள் நிறையப் பேருக்குத் தெரியும். ஆனால் ஒப்பந்தக் கூட்டம் என்றால் முறையான மொழிபெயர்ப்பாளர் வேண்டும். அந்தக் காலத்தில் ஆல்பனியில் அந்த வேலையைச் சம்பளத்துக்குச் செய்தது ஒரு பெண், ஹில்லெட்யே வான் ஒலிண்டா. அம்மா மோஹாக், அப்பா டச்சுக்காரர். அந்தக் கூட்டங்களில் சும்மா பேசிவிட்டுப் போக முடியாது. ஒவ்வொரு கோரிக்கைக்கும் சிப்பி மணி கோத்த வாம்பம் பட்டை ஒன்றை வைக்க வேண்டும், எதிர்த்தரப்பு முந்தைய பேச்சை முழுக்கத் திருப்பிச் சொல்லி, பிறகுதான் பதில். அவசரப்படுகிற ஆங்கில ஆளுநர்களுக்கு இந்தப் பொறுமை கிடையாது. ஸ்கைலருக்கு இருந்தது.

பழையதாள்:
சரி, போர் வரலாறு நன்றாகச் சொன்னீர்கள். அப்புறம் 1697 நில விவகாரத்தை ஏன் விட்டுவிட்டீர்கள்? அதைச் சொல்லாமல் ஸ்கைலர் மேல் மோஹாக் நம்பிக்கை என்று பேசுவது பாதிக்கதை.

தெரியாதவர்களுக்காக: ஆல்பனியின் டச்சுச் சபைப் பாதிரியார் டெல்லியஸ், ஸ்கைலர், டிர்க் வெசல்ஸ், எவர்ட் பாங்கர் ஆகியோரை உள்ளடக்கிய கூட்டத்துக்கு ஆளுநர் ஃப்ளெட்சர் மோஹாக் ஆற்றங்கரையில் நிலம் எழுதிக் கொடுத்தார். எவ்வளவு என்றால் ஆற்றின் நீளத்துக்கு 50 மைல், இரு கரையிலும் 2 மைல் வீதம். அது மோஹாக் மக்களின் சொந்த ஊர்கள் இருந்த பள்ளத்தாக்கு! உங்கள் நிலத்தை வேறு யாரும் பறிக்காமல் எங்கள் பெயரில் பாதுகாத்து வைக்கிறோம் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கியதாக 1698ல் இரண்டு மோஹாக் ஆட்கள், ஹென்ட்ரிக்கும் ஜோசஃபும், வாக்குமூலம் கொடுத்தார்கள். புது ஆளுநர் பெல்லமான்ட் விடவில்லை, 1699ல் மாகாண சட்டசபை அந்த மானியத்தை ரத்து செய்தது, டெல்லியஸ் பதவி இழந்தார்.

வீடு எரியும்போது கூட வந்தவர், நிலப் பத்திரம் எழுதும்போதும் கூட இருந்தார். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

ஹட்சன்கரை:
விட்டுவிடவில்லை, அடுத்து அதற்குத்தான் வரவிருந்தேன். அந்த மானியத்தில் பெயர் இருந்தது உண்மை, அது அவர் வாழ்க்கையின் மிகக் கறுத்த இடம் என்பதும் உண்மை. எதிர்ப்பு கிளம்பியதும் ஸ்கைலரும் வெசல்ஸும் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்தார்கள், டெல்லியஸ் பிடிவாதமாக நின்றார். பங்கை விட்டது மனசாட்சியாலா, வியாபாரம் கெட்டுவிடும் என்ற பயத்தாலா? என் பார்வையில் இரண்டாவதுதான் வலுவான காரணம், ஏனென்றால் மோஹாக் நம்பிக்கை போனால் தோலும் போகும், எல்லைக் காவலும் போகும்.

ஆனால் அந்த ஹென்ட்ரிக் பெயரைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். 1698ல் புகார் சொன்ன தேயோனிஹோகராவா என்ற அதே ஹென்ட்ரிக், 12 வருஷம் கழித்து, 1710ல், ஸ்கைலரோடு ஒரே கப்பலில் லண்டன் போகிறார். நான் இந்த இழையைத் தொடங்கியதே இந்த இடத்துக்காகத்தான்.

கோவைக்காரன்:
இந்த ஹென்ட்ரிக்கா 1755ல் ஜார்ஜ் ஏரிச் சண்டையில் செத்தவர்?

ஹட்சன்கரை:
இல்லை. அவர் வேறு, பின்னால் வந்த ஹென்ட்ரிக். பழைய நூல்கள் இருவரையும் ஒருவராக்கிக் குழப்பிவிட்டன, வேறு வேறு குலத்தைச் சேர்ந்த இரண்டு பேர் என்பது பிறகுதான் தெளிவானது. இணையத்தில் இன்னும் கலந்துதான் கிடக்கிறது.

லண்டன் பயணத்துக்கு வருகிறேன். 1709ல் கனடாவைப் பிடிக்கத் திட்டம் போட்டு, ஹட்சனுக்கு வடக்கே காட்டில் படையைக் குவித்து வைத்திருந்தார்கள், இங்கிலாந்து அனுப்புவதாகச் சொன்ன கடற்படை வரவே இல்லை. இரோக்வாய் தரப்பில் ஆங்கிலேயர் பேச்சை இனி யார் நம்புவது என்ற நிலை. அதனால் ராணியிடமே நேரில் போய்க் கேட்க மூன்று மோஹாக், மஹிக்கன் என்ற வேறொரு இனத்தைச் சேர்ந்த ஒருவர் என நான்கு பேரை ஸ்கைலர் கூட்டிப் போனார். கிளம்பியது ஐந்து பேர், ஒருவர் வழியில் இறந்துவிட்டார். 1710 ஏப்ரல் 19ஆம் தேதி ஆன் ராணி முன்னால் நின்றார்கள். ராணியின் கணவர் இறந்த துக்கம் நடந்துகொண்டிருந்ததால் கறுப்பு உடை, மேலே சிவப்புப் போர்வை, அந்த உடையைத் தைத்தது நாடகக் கொட்டகைத் தையல்காரர். வாம்பம் பட்டைகளை ராணியிடம் கொடுத்து, கனடா மேல் படை அனுப்புங்கள், எங்களுக்குப் பாதிரியார்கள் வேண்டும் என்று கேட்டார்கள். தெருவெங்கும் கூட்டம். ஒரு நாடகத்துக்குப் போனபோது, 'ராஜாக்களைப் பார்க்கத்தான் வந்தோம்' என்று பார்வையாளர்கள் கத்த, நாற்காலி போட்டு மேடையிலேயே உட்கார வைத்தார்கள்.

'நான்கு இந்திய ராஜாக்கள்' என்ற பட்டம் லண்டன் கட்டிவிட்டது. அவர்களில் யாரும் ராஜா இல்லை, இரோக்வாய் அமைப்பில் ராஜாவே கிடையாது. ஐந்து இனக் கூட்டமைப்பில் மோஹாக் தவிர மற்ற நான்கு இனங்களிலிருந்து ஒருவர்கூட வரவில்லை. இதை ஸ்கைலர் நன்றாக அறிவார், அறிந்தும் லண்டன் அப்படி நம்பட்டும் என்று விட்டார். சரியா தப்பா என்று கேட்டால், நேர்மையில்லாத காரியம்தான் என்பேன். ஆனால் ஹென்ட்ரிக் தரப்பிலிருந்து பாருங்கள்: 1698ல் ஆளுநர் வரை போய் நிலத்தைக் காப்பாற்றிக்கொண்டவர், இப்போது ராணி வரை போகிறார். ஸ்கைலர் அவருக்கு ஒரு வழி. கோபித்துக்கொள்ள வேண்டிய இடத்தில் கோபித்தார், பயன்படுத்த வேண்டிய இடத்தில் பயன்படுத்தினார். இதைத்தான் முதல் பதிவில் 'கணக்குத் தெரிந்தவர்கள்' என்றேன்.

மீனலோசனி:
கேட்டது கிடைத்ததா?

கோவைக்காரன்:
நான் சொல்கிறேன். 1711ல் அட்மிரல் வாக்கர் தலைமையில் பெரிய கடற்படை வந்தது, செயின்ட் லாரன்ஸ் ஆற்று முகத்துவாரப் பாறைகளில் கப்பல்கள் மோதி 900 பேர் அளவில் செத்தார்கள், திரும்பிப் போய்விட்டது. ஆனால் மோஹாக் பகுதியில் ஹன்டர் கோட்டையும் அதற்குள் ஒரு தேவாலயமும் எழுந்தன, ராணி வெள்ளிப் பாத்திரங்கள் அனுப்பி வைத்தார். ஜான் வெரெல்ஸ்ட் வரைந்த நால்வரின் ஓவியங்கள் இப்போது கனடாவின் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

திருவல்லிக்கேணி_வாசி:
குறுக்கே ஒரு செய்தி. ஆல்பனிக்குப் பட்டயம் 1686ல், நம்ம மதராஸ் மாநகராட்சிக்குப் பட்டயம் 1687 டிசம்பரில், தொடக்க விழா 1688 செப்டம்பர் 29. இரண்டு நேரத்திலும் இங்கிலாந்தில் அரசர் இரண்டாம் ஜேம்ஸ். மதராஸின் முதல் மேயர் நத்தானியல் ஹிக்கின்சன் பிறந்தது எங்கே தெரியுமா? கனெக்டிகட்டில், கில்ஃபோர்டு என்ற ஊரில்! ஹார்வர்டில் படித்தவர். ஸ்கைலர் ஆல்பனியில் மேயராக இருந்த அதே நாட்களில் அமெரிக்கக் குடியேற்றத்தில் பிறந்த இன்னொருவர் இங்கே கோட்டைக்குள் மேயர். இரண்டு ஊரிலும் வியாபாரம்தான் நகராட்சிக்கு அடித்தளம்.

பழையதாள்:
அருமையான தகவல் ஐயா, நன்றி.

இன்னொன்று பேசாமல் இந்த இழை முடியக்கூடாது. ஸ்கைலர் குடும்பம் ஆல்பனிக்கு வடக்கே ஆற்றங்கரை வயலில், ஃப்ளாட்ஸ் என்ற பண்ணையில், தலைமுறைகளாக வாழ்ந்தது. அங்கே உழைத்தவர்கள் அடிமைகள். 2005ல் அந்த இடத்தருகே கட்டுமான வேலைக்குத் தோண்டியபோது பெயர்ப்பலகை எதுவும் இல்லாத புதைகுழிகள் வெளிப்பட்டன, 14 பேரின் எலும்புகள். பிள்ளைகளும் உண்டு. ஆய்வு செய்து, கடைசியில் 2016ல் பக்கத்து ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் மரியாதையோடு மறுபடி அடக்கம் செய்தார்கள். பீட்டரின் தம்பி யோஹானஸின் பேரன்தான் புரட்சிப் போர்த் தளபதி பிலிப் ஸ்கைலர், அவர் சிலையை 2023ல் ஆல்பனி நகரமன்ற வாசலிலிருந்து எடுத்ததும் அடிமை வைத்திருந்த காரணத்தால்தான். மோஹாக் மக்களோடு சமமாக உட்கார்ந்து பேசிய வீடு, தன் அடுப்படியில் நின்றவரை ஆளாகவே எண்ணவில்லை. முன்னவர்களிடம் துப்பாக்கியும் தோலும் இருந்தன, பின்னவர்களிடம் எதுவும் இல்லை. மரியாதை எங்கிருந்து வந்தது என்று இதிலேயே தெரிகிறது, ஹட்சன்கரை ஐயா.

ஹட்சன்கரை:
இதற்கு என்னிடம் மறுப்பு இல்லை, பழையதாள். மரியாதை பலத்தை ஒட்டி வந்தது என்றுதான் நானும் நினைக்கிறேன். நான் சேர்க்க விரும்புவது, அந்தப் பலத்தை மோஹாக் தலைமுறை ஒன்று எவ்வளவு திறமையாகக் கையாண்டது என்பதை மட்டுமே.

மீனலோசனி:
கடைசியாக ஒரு கேள்வி. வயதான காலத்தில் அவர் என்ன ஆனார்? தோல் வியாபாரம்?

ஹட்சன்கரை:
1719ல் ஆளுநர் ஹன்டர் ஊர் திரும்பியதும், மாகாண ஆலோசனை சபையின் மூத்தவர் என்ற முறையில் ஸ்கைலர் ஒரு வருஷம் போல மாகாணத்தின் பொறுப்பு ஆளுநராக இருந்தார். அந்தச் சமயத்தில் ஆல்பனி மேயர் நாற்காலி லிவிங்ஸ்டன் குடும்பத்திடமிருந்து மைண்டர்ட் ஸ்கைலருக்குப் போனது, மைத்துனர் ராபர்ட் லிவிங்ஸ்டனுக்கு அது ஆறாத கோபம். 1720ல் வந்த புது ஆளுநர் பர்னெட் ஸ்கைலரைச் சபையிலிருந்தே தூக்கிவிட்டார்.

பர்னெட் குறி வைத்தது ஆல்பனி–மான்ட்ரியல் ரகசிய வியாபாரத்தை. பக்கத்துக் காடுகளில் பீவர் எப்போதோ தீர்ந்துபோய், நல்ல தோல் எல்லாம் பெரிய ஏரிகளுக்கு அப்பாலிருந்து மான்ட்ரியல் போய்க்கொண்டிருந்தது. மான்ட்ரியல்காரனுக்கு இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் கம்பளித் துணி வேண்டும், ஆல்பனிக்காரனுக்குத் தோல் வேண்டும். மான்ட்ரியல் அருகே கானவாகே ஊரில் குடியேறிய கத்தோலிக்க மோஹாக் மக்கள் சாம்ப்ளேன் ஏரி வழியாகப் படகில் சுமந்து இரண்டையும் மாற்றிக் கொடுத்தார்கள். போர் நடந்த காலத்தில்கூட இது நிற்கவில்லை. 1704ல் மாசசூசெட்ஸின் டீர்ஃபீல்டு எரிந்தபோது ஆல்பனி தொடப்படாமல் இருந்ததற்கு இந்தப் போக்குவரத்தும் ஒரு காரணம், நியூ இங்கிலாந்துக்காரர்கள் அதை மன்னிக்கவே இல்லை.

1720ல் பிரெஞ்சுக்காரர்களுக்குச் சரக்கு விற்பதற்குத் தடைச் சட்டம் வந்தது, ஆல்பனி வியாபாரிகள் லண்டன் வரை எதிர்த்தார்கள், 1729ல் அந்தச் சட்டம் நீங்கியது. அதற்குள் ஸ்கைலர் இல்லை, 1724 பிப்ரவரியில் ஆல்பனியில் இறந்துவிட்டார். 1727ல் ஒன்டாரியோ ஏரிக்கரையில் ஆஸ்வீகோ கோட்டை எழும்பியது. மேற்கிலிருந்து தோல் கொண்டு வருகிறவர்கள் ஏரிக்கரையிலேயே விற்றுவிட்டுத் திரும்பினார்கள். மரவேலிக்குள் வந்துதான் விற்க வேண்டும் என்று 1686ல் வாங்கிய அந்தத் தனியுரிமைக்கு அதன் பிறகு பெரிய மதிப்பு இருக்கவில்லை.